அவசரத்துக்கு மட்டும் இந்த எண்

எங்கள் மாமா மாதவராஜ் தன் ஐம்பத்து நான்கு வயதில் சொந்தமாக எழுதியது ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்துக்காக என் அஞ்சு எச்.பி. மோட்டார் எரிந்துபோனது. அரை ஏக்கர் தக்காளி நாற்று அழுகிப்போனது. ஆகையால் அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது.

என் பெயர் ஜெயபால். பாலக்கோட்டில் செல்போன் விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில். மாமா என் அக்கா தீர்த்தம்மாளின் வீட்டுக்காரர். தக்காளி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் இருபத்தைந்து வருடமாக ஏலம் கூறுகிறார். தொண்டை நல்ல தொண்டை. விடிந்ததும் ஆரம்பித்தால் ஒன்பது மணிக்குள் ஏலம் முடிந்துவிடும். முடிந்த கையோடு அன்றைய விலையைப் போனில் தட்டி வாட்ஸ்அப் குழுவில் போடுவார். சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் மறுநாள் காய் பறிப்பதா, செடியில் விடுவதா என்று முடிவு செய்கிறார்கள். அது உபயோகமான வேலை, நான் மறுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், விலை போட மூன்று நிமிடம் போதும். மிச்சமுள்ள பகல் முழுக்க மாமாவிடம் போன் இருக்கிறது.

அவர் இருபத்தேழு குழுக்களில் இருந்தார். பங்காளிகள் குழு, குலதெய்வக் கோயில் குழு, பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்தவர்கள் குழு, அதில் சண்டை வந்து பிரிந்தவர்கள் குழு. எல்லாவற்றிலும் காலையில் ரோஜாப் பூவும் ஆவி பறக்கும் டீ கிளாசுமாக வணக்கம் வைப்பார். பிறகு கறிவேப்பிலையின் மகிமை, தாயின் தியாகம், வாழ்க்கையில் முன்னேற ஏழு வழி. எல்லாம் எங்கிருந்தோ வந்தவை, வந்த வேகத்தில் போகிறவை. ஆனால் அனுப்பும் முன் அடியில் ‘– பாலக்கோடு மாதவராஜ்’ என்று சேர்த்துவிடுவார். அதனால் ஊரில் பாதிப் பேர் அவரை எழுத்தாளர் என்றே நம்பினார்கள். கல்யாண மண்டபங்களில் அவரைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

“அம்மாவப் பத்தி எழுதியிருந்தீங்களே, படிச்சிட்டு எங்க வூட்டுல எல்லாரும் அழுதுட்டோம்ங்க.”

“ஏதோ நம்ம மனசுல பட்டதுங்க,” என்பார் மாமா, கூசாமல் தலையைக் குனிந்துகொண்டு. பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கூசும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் வணக்கம் வைத்தால் திருப்பி வைக்காமல் போகக் கூடாது. வைக்காவிட்டால் அது பகை. அடுத்த மாதம் அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நமக்குப் பத்திரிகை வராது. தெருவில் இருந்த இந்த வழக்கம் அப்படியே போனுக்குள் குடியேறிவிட்டது. இருபத்தேழு குழுக்களில் வைக்கிற வணக்கத்துக்குத் திரும்பி வருவது எத்தனை, அதற்கு இவர் திருப்பிப் போடுவது எத்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மதியச் சோறு சாப்பிடும்போதும் மாமா யாருக்காவது காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த லட்சணத்தில்தான் போன சித்திரையில் கோகிலா விஷயம் நடந்தது.

கோகிலா அவர்களுக்கு ஒரே பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்த அன்றே மாமா அவள் போட்டோ, படிப்பு, ராசி, நட்சத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து இருபத்தேழு குழுக்களிலும் ஏற்றிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தக்காளிக் குழுவைக்கூட விடவில்லை. முதலில் நாட்டுத் தக்காளி, அடுத்து ஹைபிரிட், அதற்குக் கீழே என் அக்கா மகள். தொடர்புக்கு என்று தன் நம்பரைப் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவள் நம்பரைப் போட்டார். “பொண்ணே நேரா பேசட்டும்னு விட்டா நம்மள நாகரிகமானவங்கன்னு நெனப்பாங்க மாப்ள,” என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

மூன்று மாதம் அந்தப் பெண்ணுக்குப் போன் ஓயவில்லை. வேலை நேரத்தில், பஸ்ஸில், குளித்துவிட்டு வரும்போது. மாப்பிள்ளையின் பெரியப்பா, தரகர், சும்மா குரல் கேட்க ஆசைப்பட்டவன், தக்காளி விலை கேட்டவர். எடுக்காவிட்டால் ‘இவ்வளவு திமிரா’ என்று மெசேஜ். அழுதுகொண்டு அப்பாவிடம் சொன்னதற்கு, “நல்ல நல்ல எடமாத்தானேம்மா கேக்கறாங்க, எடுத்துப் பேசுனா என்ன?” என்றார் மாமா. அன்று அவள் நம்பரை மாற்றினாள். புது நம்பரை அம்மாவுக்கு மட்டும் கொடுத்தாள். மாமாவுக்கு எப்படியோ அது கிடைத்து உடனே ஒரு ரோஜாப் பூ அனுப்பினார். அவரை பிளாக் செய்துவிட்டாள்.

ஆடி பிறந்ததும் அக்கா போன் செய்து, பதினெட்டாம் பெருக்குக்காவது வீட்டுக்கு வா என்று கெஞ்சினாள். அதற்குக் கோகிலா சொன்ன பதிலை அக்கா என் கடையில் வந்து உட்கார்ந்து அப்படியே ஒப்பித்தாள்.

“அப்பாவுக்கு நெசமாவே புரிஞ்சிருந்தா ஒரே ஒரு பக்கம் கையால எழுதி அனுப்பச் சொல்லும்மா. என்ன பண்ணாரு, எனக்கு என்ன ஆச்சு, அது மட்டும். அவரு வார்த்தையில இருக்கணும். ஃபார்வேர்ட் வேணாம். எழுதுனா வரேன். இல்லன்னா தீபாவளிக்கும் வரமாட்டேன்னுட்டாடா.”

பதினெட்டாம் பெருக்குக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு பக்கம். பத்து நாள் எதற்கு, பத்து நிமிடம் போதாதா என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் நாள் மாமா இருநூறு பக்க நோட்டும் மூன்று பேனாவும் வாங்கினார். மேசையில் பரப்பிப் போட்டோ எடுத்து, ‘எழுத்துப் பணி தொடங்குகிறது’ என்று எல்லாக் குழுவிலும் போட்டார். வாழ்த்துகள் குவிந்தன. வாழ்த்தியவர்களுக்கு நன்றி சொல்லாமல் எப்படி? நன்றி சொல்லி முடிக்க மூன்று நாள் ஆனது.

நாலாம் நாள் நிஜமாகவே ஒரு பக்கம் எழுதிவிட்டார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றே படித்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பாதியில் நிமிர்ந்தாள்.

“ஏங்க, ‘தாடி மீசை முளைக்கும் இந்த வயதில்’னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“யாருக்குங்க முளைக்குது? நம்ம கோகிலாவுக்கா?”

விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்குத் தந்தை எழுதிய கடிதம் ஒன்றைப் போனில் தேடிப் பிடித்து, மகன் என்ற இடத்தில் எல்லாம் மகள் என்று மாற்றியிருக்கிறார். தாடியை மறந்துவிட்டார்.

அப்புறம் என்னிடம் வந்தார். போன்தான் எழுத விடமாட்டேன் என்கிறது, இதற்கு ஏதாவது வழி செய்யுங்கள் என்றார். நானும் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். போனைத் தொடாமல் இருந்தால் திரையில் ஒரு மரம் வளர்கிற ஆப் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தேன். மரம் எவ்வளவு வளர்ந்தது என்று நிமிடத்துக்கு ஒரு தரம் போனைத் தொட்டுப் பார்த்தார். தொட்டால் மரம் பட்டுப்போகும். கடைசியில் எப்படியோ ஒன்று முழுசாக வளர்ந்துவிட்டது. அதைப் படம் பிடித்து ‘போனுக்கு அடிமையாகாதீர்’ என்ற தலைப்பில் இருபத்தேழு குழுக்களுக்கும் அனுப்பினார், அடியில் தன் பெயரோடு.

ஏழாம் நாள் அக்கா மறுபடி கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. “அவ ஒத்தப் பொண்ணுடா. இந்த மனுசன் ஒரு பக்கம் எழுதமாட்டேங்கறாரேன்னு நான் என் புள்ளைய எழக்கறதா?” என்று கத்தி அழுதாள். எனக்கு மாமா மேல் வந்த கோபத்தில் அன்றைக்கே அவரை எங்காவது கொண்டுபோய் அடைத்துப் போடலாம் என்று தோன்றியது. அப்படித்தான் ஏரியூர் ஞாபகம் வந்தது.

ஏரியூருக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கிணறு, கிணற்றடியில் ஒரு மோட்டார் ரூம், ஒரு வேப்பமரம். பார்த்துக்கொள்வது கருப்பண்ணன் என்கிற பெரியவர். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. மறுநாள் விடியற்காலையில் மாமாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அக்கா கட்டிக் கொடுத்த சோறு, தண்ணீர் கேன், நோட்டு, பேனா எல்லாம் வைத்தேன். சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறேன் என்றேன். கருப்பண்ணன், காவலுக்குத்தான் ஆள் இருக்கிறதே என்று தன் பெண்ணுக்கு ஆடிச் சீர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

“போனக் குடுங்க மாமா.”

“ரெண்டு நிமிசம் மாப்ள. நாலு பேருக்குச் சொல்லிட்டுக் குடுத்தர்றேன். சொல்லாமப் போனா தப்பா நெனப்பாங்க.”

அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்தது என் தப்பு. நான் நாற்றைப் பார்க்க வயலுக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது போனை அணைத்து நீட்டினார். வாங்கிவந்து கடை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

இந்த இடத்தில் என் மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மோட்டாருக்கும் சிம் கார்டு உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம்மைப் போட்டுவிட்டால், வீட்டிலிருந்தே அந்த நம்பருக்கு அடிக்கலாம். பெட்டி தானே அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரை ஓட விடும். இன்னொரு தரம் அடித்தால் நிறுத்தும். நம் நம்பரிலிருந்து வந்தால் மட்டும் கேட்கும்படி அதைப் பழக்கி வைக்க வேண்டும். நாலு மெசேஜ் அனுப்பினால் போதும். கடைக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் அதை ஒழுங்காகச் செய்துகொடுக்கிற நான், என் மோட்டாருக்கு மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு வருடமாக விட்டு வைத்திருந்தேன். யார் அடித்தாலும் ஓடும். அந்த நம்பரைக் கருப்பண்ணனுக்காகச் சுவரில் பெயிண்டில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தேன்.

மாமா சுவரைப் பார்த்திருக்கிறார். ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஏரியல், பக்கத்தில் ஒரு நம்பர். அந்தக் காலத்து லேண்ட்லைன் மாதிரி ஏதோ ஒன்று என்று முடிவு கட்டிவிட்டார். நான் வயலுக்குள் போன அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாக் குழுவிலும் போட்டார்: ‘எழுத்துப் பணி காரணமாக இன்று எனது போன் அணைக்கப்பட்டிருக்கும். மிக மிக அவசரத்துக்கு மட்டும் இந்த எண்.’

பத்து மணி ஆகியும் தக்காளி விலை வரவில்லை. பாலக்கோட்டில் அதைவிட அவசரம் வேறு என்ன இருக்கிறது?

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பூவரசன் என்கிற தக்காளி விவசாயி என் கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“உங்க மாமா அவ்ளோ பெரிய ஆளாயிட்டாருங்களா? ஒரு வெல கேக்கலாம்னு அடிச்சா கட் பண்றாரு. மறுபடி அடிச்சா மறுபடி கட் பண்றாரு. என்னங்க மரியாத இது? ஏன் கட் பண்றீங்கன்னு கேக்கறதுக்கே ஆறு தடவ அடிச்சேன்.”

“அவரு போன் இங்க என்கிட்டதாங்க இருக்குது. அதுவும் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்.”

“அது ஆஃப்னு தெரியுங்க. இந்த நம்பருக்கு அடிச்சேன்,” என்று தன் போனை நீட்டினார்.

என் மோட்டாரின் நம்பர்.

குழுவில் இருக்கிற ஆயிரம் பேரும் அடிப்பார்கள். ஒருவர் அடித்தால் ஓடும், அடுத்தவர் அடித்தால் நிற்கும், மூன்றாமவர் அடித்தால் ஓடும். நானும் ஒரு தரம் அடித்து நிறுத்தலாமா என்று பார்த்தால், அடிக்கிற நேரத்தில் அது ஓடிக்கொண்டிருக்குமா நின்றிருக்குமா என்று யாருக்குத் தெரியும்? கடைக் கதவை இழுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பென்னாகரம் தாண்டும்வரை மாமாவை நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது வயலில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. பத்து நாளுக்கு முன் நட்ட நாற்று பாதி மிதந்துகொண்டிருந்தது. மோட்டார் ரூமிலிருந்து கம்பிச் சுருள் கருகிய நாற்றம். சத்தம் மட்டும் இல்லை. மெயினை இறக்கியிருந்தால் போதும், ஆனால் மாமாவுக்குக் கரண்ட் என்றால் பயம். காலையிலிருந்து வாய்க்காலுக்கும் ரூமுக்குமாக ஓடி ஓடி மண்வெட்டியால் மடை மாற்றிப் பார்த்திருக்கிறார். வேட்டியெல்லாம் சேறு. வேப்பமரத்தடியில் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

“மாமா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு தெரியுதா?”

அவர் நிமிரவில்லை. “தெரியுது மாப்ள. ரெண்டு நிமிசம் இருங்க. கடைசி வரி.”

கோபத்தில் நோட்டை வெடுக்கென்று பிடுங்கினேன். பிடுங்கியதைப் படித்தேன். கோகிலாவைக் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் இங்கே தருகிறேன்.

‘கோகிலாவுக்கு அப்பா எழுதுவது. உன் மாமன் மோட்டார் ரூமிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு மோட்டார் இருந்தது. அதன் நம்பரை யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்தேன். காலையிலிருந்து அடித்தார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை, எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள்தான். ஒவ்வொருவரும் இரண்டு மூன்று தடவைதான் அடித்திருப்பார்கள். ஆனால் அதற்கு ஓடவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். நிறுத்தத் தெரியவில்லை. ஒரு மணிக்கு எரிந்துவிட்டது. நீ அழுதபோது எடுத்துப் பேசினால் என்ன என்று கேட்டேன். இன்றைக்குத்தான் அது என்ன என்று பார்த்தேன். இரும்பு அரை நாள் தாங்கியது. நீ மூன்று மாதம் தாங்கினாய். உன் நம்பர் உன்னுடையது. உன் போட்டோ உன்னுடையது. நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தப்பு என்னுடையது. நீ’

அந்த ‘நீ’யோடு நின்றிருந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ‘நீ வராவிட்டாலும் இது தப்புதான்’ என்று எழுதி முடித்தார். எனக்கு மோட்டார் போனது அந்த நேரத்தில் ஞாபகத்திலேயே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நன்றாகவே வந்தது, அது வேறு விஷயம்.

ஏரியூர் போஸ்ட் ஆபீஸ் மூடும் முன் போய் விரைவுத் தபாலில் அனுப்பினோம். உறையை ஒட்டும் முன் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். “மாமா, நெசமாவே நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு போட்டோ எடுத்துக் குரூப்புல போடலாம். இது ஒண்ணுதான் உங்க சொந்தச் சரக்கு.”

“அவளக் கேக்கணும் மாப்ள.”

“அவதான் உங்கள பிளாக் பண்ணி வெச்சிருக்காளே. எப்பிடிக் கேப்பீங்க?”

“கேக்க முடியாதில்ல. அப்பப் போட முடியாது,” என்று நாவால் உறையை ஈரப்படுத்தி ஒட்டினார்.

பதினெட்டாம் பெருக்கு அன்று ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் ஒகேனக்கல் பக்கம் போய்விட்டது. நாங்கள் போகவில்லை. அக்கா சமைத்து மூடி வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். மாமா விலை போட்டுவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார். அது சும்மா இருக்கவில்லை. அழைப்பைத் துண்டித்ததற்காக இன்னும் வசவு வந்துகொண்டிருந்தது. மோட்டார்தான் துண்டித்தது என்று அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பத்து மணி பஸ் வந்தது, அவள் இல்லை. பதினொரு மணி பஸ் வந்தது, அதிலும் இல்லை. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள் கோகிலா. பையைக்கூட வைக்கவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“லெட்டர யாருக்காச்சும் அனுப்புனீங்களாப்பா?”

“இல்லம்மா.”

“போட்டோவாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா?”

“இல்ல. உன்னக் கேக்காம எப்பிடி எடுக்கறது?”

அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தார். நின்றுகொண்டே ஒவ்வொரு குழுவாகத் திறந்து பார்த்தாள். வெகு நேரம் பிடித்தது. பார்த்து முடித்து, மேசையில் வைத்துவிட்டு, “பசிக்குதும்மா,” என்று உள்ளே போனாள். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, “உங்க மோட்டாருக்கு என் அனுதாபம் மாமா,” என்றாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

மாமா திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கறிவேப்பிலையும் தாயின் தியாகமும் இன்றும் தடையில்லாமல் வருகின்றன. அடியில் பெயர் போடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

அன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மேசையில் போன் ஒரு தரம் ஒலித்தது. மாமா ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தார். ஆவி பறக்கும் டீ கிளாஸ், பக்கத்தில் ரோஜாப் பூ, காலை வணக்கம். மணி இரண்டு. அனுப்பியது உள் அறையில் கட்டிலில் படுத்திருந்த கோகிலா.

மாமா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பதிலுக்கு ‘வணக்கம்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார். அந்த டீ கிளாஸ் படத்தை இன்றுவரை அவர் வேறு யாருக்கும் அனுப்பவில்லை.